லைட்ஹவுஸ்லயும் ஒரு மேனேஜர் இருந்தார் சார்

கேள்வி: வணக்கம் மேடம். வயசு 47. ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், 22 வருஷமா அதே பில்டிங், அதே மாடி. மூணு மாசம் முன்னாடி ஒரு மீட்டிங் நடந்துச்சு, அடுத்த மீட்டிங்க எப்ப வைக்கலாம்னு முடிவு பண்றதுக்கான மீட்டிங் அது. ஜன்னல் கண்ணாடில ஒரு ஈ முட்டி முட்டி வழி தேடிட்டு இருந்துச்சு, நான் அதையே பாத்துட்டு இருந்தேன், திடீர்னு வழி கிடைச்சு வெளிய பறந்துருச்சு, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அன்னைக்கு ராத்திரி போன்ல லைட்ஹவுஸ் கீப்பர் வேலை எங்கயாவது காலியா இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். இன்னும் தேடிட்டு இருக்கேன்.

மஞ்சள் கலர் ரெயின்கோட் வாங்கிட்டேன், பைனாகுலர் வாங்கிட்டேன், மாலுமிங்க முடிச்சு போடுறத சொல்லித்தர்ற புக் ஒண்ணும் கயிறும் வாங்கிட்டேன். ஆபீஸ்ல கயிறு எடுத்துட்டு போக முடியாதுன்னு ஐடி கார்டு கயித்துலயே பழகினேன், அது சேர் கையோட சேந்து இறுகிருச்சு, கழுத்துலேந்து கழட்டவும் முடியல, கடைசில எச்ஆர்ல இருந்து ஒரு பொண்ணு கத்திரிக்கோல் எடுத்துட்டு வந்து வெட்டி விட்டுச்சு. தாடியும் வளக்குறேன், கப்பல்ல இருந்து தள்ளி விட்ட ஆள் மாதிரி இருக்குன்னு பொண்ணு சொல்றா. எனக்கு போட்ல ஏறினா வாந்தி வரும், மூணு மாடி ஏறினா முட்டி வலிக்கும், அதையும் சொல்லிடுறேன்.

நடுராத்திரி போன பாத்து சிரிச்சுட்டு இருக்கேன்னு மனைவிக்கு சந்தேகம் வந்து போன வாங்கி பாத்தா, உள்ள நூத்துக்கணக்குல லைட்ஹவுஸ் போட்டோ. வேற ஏதாவது இருந்திருந்தா கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்னு சொன்னா. ராஜினாமா மெயில் டிராஃப்ட்ல ரெடியா இருக்கு, ஒம்பதாவது வெர்ஷன், இதுல ஒரு கவிதையும் சேத்திருக்கேன். என்ன விட 12 வயசு சின்னவரான மேனேஜருக்கு தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்புறேன், அத அவர் திறக்குறதே இல்லன்னு எனக்கு தெரியும். பக்கத்து சீட்ல 18 வருஷம் இருந்தவர் இந்த வருஷ ஆரம்பத்துல ரிட்டயர் ஆனார், ஃபேர்வெல் சீக்கிரமே முடிஞ்சிருச்சு, திங்கக்கிழமை வந்து பாத்தா அவர் சேர்ல பிரிண்டர் பேப்பர் பெட்டிய அடுக்கி வச்சிருந்தாங்க. அத விடுங்க. சில நாள் காலைல பார்க்கிங்ல கார விட்டு இறங்காம அப்படியே உக்காந்திருக்கேன். இது மிட்லைஃப் கிரைசிஸா? அந்த மெயில அனுப்பலாமா? எனக்கு கிறுக்கு பிடிச்சிருக்கா?

பதில்: வணக்கம் சார்.

கிறுக்கெல்லாம் இல்ல. ஐடி கார்டு கயிறு விஷயத்துல நான் வாய்விட்டு சிரிச்சுட்டேன், அத மறைக்க விரும்பல, நீங்களும் சிரிக்கணும்னுதான் அப்படி எழுதியிருக்கீங்கன்னு நினைக்கிறேன். தன்ன பாத்து தானே சிரிக்க முடியிற ஆளுக்கு பாதி வைத்தியம் முடிஞ்ச மாதிரிதான். ஆனா அந்த "அத விடுங்க"ன்னு எழுதினீங்க பாருங்க, அத நான் விடப்போறதில்ல, கொஞ்ச நேரத்துல அங்க வர்றேன்.

முதல்ல உங்க கனவு வேலைய பாத்துருவோம், ஏன்னா வேலைய விட்டுட்டு வேற வேலைக்கு போறேன்னு என்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு விடப்போற வேலைய பத்தி அக்குவேறா ஆணிவேறா தெரியும், போகப்போற வேலைய பத்தி தெரிஞ்சது எல்லாம் போட்டோ மட்டும்தான்.

குஸ்டாஃப் டாலேன்னு ஸ்வீடன்ல ஒரு இன்ஜினியர் இருந்தார். பகல் வெளிச்சம் பட்டா விளக்குக்கு போற கேஸ தானா நிறுத்திக்கிற, இருட்டினா தானா திறந்து விடுற ஒரு வால்வ கண்டுபிடிச்சார், சூரிய வால்வுன்னு அதுக்கு பேரு, அதுக்கப்புறம் விளக்க ஏத்தவும் அணைக்கவும் ஆள் தேவைப்படல. இந்த மாதிரி லைட்ஹவுஸ் தானியங்கி கருவிங்களுக்காக 1912ல அவருக்கு இயற்பியல் நோபல் பரிசே குடுத்தாங்க. நீங்க இப்ப தேடிட்டு இருக்குற வேலைய ஒழிக்க ஆரம்பிச்சதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே நோபல் குடுத்து கொண்டாடிட்டாங்க சார். அப்புறம் கரண்டு வந்துச்சு, ரிமோட் கண்ட்ரோல் வந்துச்சு, இங்கிலாந்துல ஆள் இருந்த கடைசி லைட்ஹவுஸையும் 1998ல தானியங்கியா மாத்திட்டாங்க. கனடா மாதிரி சில இடங்கள்ல இன்னும் ஆளுங்க இருக்காங்கதான், ஆனா அந்த காலி இடத்துக்காக நீங்க தாடி வளத்துட்டு காத்திருக்குறது சரியா வருமான்னு தெரியல.

சரி, வேலை இருந்த காலத்துல எப்படி இருந்துச்சுன்னு பாத்தீங்களா? ராத்திரி ஷிஃப்ட். திரி வெட்டணும், லென்ஸ துடைக்கணும், பித்தளைய பளபளன்னு தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், பனி மூட்டம் வந்தா மணிக்கணக்குல சைரன் பக்கத்துலயே கிடக்கணும். இதெல்லாம் கூட உங்களுக்கு ரொமான்டிக்கா தோணலாம், அதனால அடுத்தத கவனமா படிங்க. தினம் லாக் புக் எழுதணும். காத்து எப்படி, மழை எப்படி, எந்த கப்பல் போச்சு, எவ்வளவு எண்ணெய் எரிஞ்சுச்சு, எவ்வளவு மிச்சம், எல்லாம் கணக்கு. இன்ஸ்பெக்டர் எப்ப வேணா வருவார், அமெரிக்காவுல வெள்ளை கிளவுஸ் மாட்டிக்கிட்டு தூசி இருக்கான்னு தடவி பாத்திருக்காங்க. அதாவது நீங்க அக்கவுண்ட்ஸ விட்டுட்டு, காத்தடிக்கிற இடத்துல உக்காந்து அக்கவுண்ட்ஸ் பாக்க போறீங்க.

சக ஊழியர் தொல்லை இருக்காதுன்னு வேற நினைச்சிருப்பீங்க. வேல்ஸ் கடலோரத்துல ஸ்மால்ஸ்னு ஒரு பாறை லைட்ஹவுஸ், 1801 வாக்குல அங்க ரெண்டே பேர் வேலை பாத்தாங்க, ரெண்டு பேருக்கும் எப்பவும் சண்டைன்னு ஊருக்கே தெரியும். அதுல ஒருத்தர் செத்துட்டார். இன்னொருத்தர் பாடிய கடல்ல தூக்கிப் போட்டா கொலைப்பழி நம்ம மேல வந்துருமேன்னு பயந்து ஒரு பெட்டி செஞ்சு வெளிய கட்டி வச்சுட்டு, புயல் ஓய்ஞ்சு படகு வர்ற வரைக்கும் வாரக்கணக்குல தனியா விளக்க ஏத்திட்டே இருந்தார்னு சொல்வாங்க. அதுலேந்து ஒரு லைட்ஹவுஸுக்கு மூணு பேர்னு ஆக்கினாங்க. உங்க பக்கத்து சீட்டுக்காரங்க எவ்வளவோ பரவாயில்ல.

இத சொல்றது உங்க கனவ உடைக்கிறதுக்கு இல்ல. கனவுல வர்ற லைட்ஹவுஸ் வேற, கடல்ல இருக்குற லைட்ஹவுஸ் வேற, நமக்கு கனவுல வர்றதுதான் முக்கியம், அதுல என்ன இருக்குன்னு பிரிச்சு பாக்கணும். அதுக்கு முன்னாடி உங்க முதல் கேள்விக்கு பதில் சொல்லிடுறேன், இல்லன்னா மனசு அதுலயே நிக்கும்.

மிட்லைஃப் கிரைசிஸ்ங்கற பேர 1965ல ஒரு கட்டுரை மூலமா பிரபலப்படுத்தினவர் எலியட் ஜாக்ஸ், கனடாவுல பிறந்து லண்டன்ல வேலை பாத்த மனோதத்துவ ஆய்வாளர். அவர் பாத்தது உங்கள மாதிரி என்ன மாதிரி ஆளுங்கள இல்ல, 300க்கும் மேல ஓவியர், இசையமைப்பாளர், எழுத்தாளர்னு பெரிய பெரிய கலைஞர்களோட வாழ்க்கை வரலாற. முப்பதுகளோட நடுவுல இவங்களுக்கு ஒரு ஆட்டம் வருது, இனிமே இருக்குறது இவ்வளவுதான்னு சாவு கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்குது, அதான் காரணம்னார். கட்டுரை வந்தப்போ அவருக்கே 48 வயசு. அப்புறம் பத்திரிகைகாரங்க, கார் விளம்பரம் பண்றவங்க எல்லாம் அத பிடிச்சுக்கிட்டாங்க, நாப்பத தாண்டினா எல்லாருக்கும் வந்தே தீரும்ங்கற மாதிரி ஆயிருச்சு.

அப்படி ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல 1990கள்ல நடுவயசுக்காரங்கள வச்சு பெரிய ஆய்வு பண்ணி கேட்டப்போ, எனக்கு அப்படி ஒரு கிரைசிஸ் வந்துச்சுன்னு சொன்னது சுமார் நாலுல ஒருத்தர்தான், அவங்கள்லயும் நிறைய பேர் சொன்ன காரணம் வயசு இல்ல, வேலை போனது, விவாகரத்து, நெருங்கினவங்க சாவு, உடம்பு முடியாம போனதுன்னு ஏதோ ஒரு சம்பவம். இன்னொரு பக்கம் பொருளாதார ஆய்வாளர்கள் சில பேர் பல நாட்டு சர்வேக்கள வச்சு, வாழ்க்கைல திருப்தி நாப்பதுகள்ல தரை தட்டிட்டு அப்புறம் மறுபடி ஏறுதுன்னு ஒரு யு வடிவ கோடு போட்டு காட்டினாங்க. அது நிஜமா, கணக்கு போட்ட விதத்துனால வர்ற தோற்றமான்னு இன்னும் சண்டை ஓடிட்டு இருக்கு. இதுல உச்சம் 2012ல வந்த ஆராய்ச்சிதான், 508 சிம்பன்சி, ஒராங்குட்டான் எல்லாத்தோட சந்தோஷத்தையும் அதுங்கள பாத்துக்குறவங்கள விட்டு மதிப்பிட சொன்னா, அதுங்களுக்கும் நடுவயசுல அதே பள்ளம் வருதாம். சிம்பன்சிக்கு ஹோம் லோன் இல்ல, ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் இல்ல. ஆனா மார்க் போட்டது மனுஷங்க, அவங்கள்ல எத்தன பேருக்கு 47 வயசுன்னு யாராவது கேட்டாங்களான்னு எனக்கு ஒரு சின்ன சந்தேகம் உண்டு.

அதனால மிட்லைஃப் கிரைசிஸ்னு பேர் வச்சுக்கிட்டா உங்களுக்கு நிம்மதின்னா வச்சுக்கங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. நான் கேக்குறது வேற. ஏன் இந்த வருஷம்? 22 வருஷமா அதே மீட்டிங், ஜன்னல்ல ஈயும் புதுசா வந்திருக்காது. இந்த வருஷம் மட்டும் என்ன ஆச்சு?

உங்க லெட்டர்ல நீங்களே எழுதியிருக்கீங்க, எழுதிட்டு அத விடுங்கன்னும் சொல்லிட்டீங்க. 18 வருஷம் பக்கத்துல உக்காந்திருந்த மனுஷன் போனார், திங்கக்கிழமை அவர் சேர்ல பேப்பர் பெட்டி. ரெயின்கோட், கயிறு, தாடின்னு ஒரு பத்தியே எழுதின நீங்க இவருக்கு ஒரே ஒரு வாக்கியத்தோட தாண்டி ஓடிட்டீங்க. ஈய பாத்து கண்ணு கலங்கினது இதுக்கு அப்புறம்தானே? உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் வருஷம் இருக்கு, ஆனா அன்னைக்கு நீங்க பாத்தது உங்க சொந்த ஃபேர்வெல்ல, உங்க சேர்ல அடுக்கப்போற பெட்டிய. அஞ்சு மணி ரிப்போர்ட்ட யாரும் திறக்குறது இல்லன்னு உங்களுக்கு ரொம்ப நாளா தெரியும், முன்னாடி அது வெறும் எரிச்சலா இருந்துச்சு, இப்ப அது வேற மாதிரி வலிக்குது.

இப்ப லைட்ஹவுஸ பாருங்க. ஒரே ஒரு ராத்திரி அந்த விளக்கு எரியலன்னா என்ன ஆகும்? கப்பல் பாறைல மோதும். கீப்பர் இல்லன்னா கடல்ல இருக்குற ஒவ்வொருத்தனுக்கும் அன்னைக்கே தெரிஞ்சுரும். அவர் பேர் யாருக்கும் தெரியாது, யாரும் வந்து கை குடுக்க மாட்டாங்க, ஆனா அவர் இல்லன்னா தெரியும். உங்க மனசு தேடிப் பிடிச்சது ஒரு மலையும் இல்ல, தீவும் இல்ல, ஓவியமும் இல்ல, இந்த ஒரு வேலைய. எனக்கு இது தற்செயலா தோணல.

ரெண்டாவது ஒண்ணும் இருக்கு. கனவுல வர்ற அந்த லைட்ஹவுஸ்ல மாசக்கணக்குல யாரும் வந்து என்ன பண்ணிட்டு இருக்கேன்னு கேக்க மாட்டாங்க. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, மேல சொன்ன அதே எலியட் ஜாக்ஸ் வாழ்க்கைல பெரும்பகுதி ஆராய்ச்சி பண்ணது ஆபீஸையும் ஃபேக்டரியையும்தான். லண்டன்ல ஒரு உலோக கம்பெனிக்குள்ள வருஷக்கணக்கா உக்காந்து, ஒரு ஆளோட பொறுப்பு எவ்வளவு பெருசுன்னு அளக்க ஒரு அளவுகோல் கண்டுபிடிச்சார். மேலதிகாரி வந்து சரிபாக்காம எவ்வளவு காலம் ஒரு வேலைய உங்ககிட்ட நம்பி விட்டு வைக்கலாம்ங்கறதுதான் அந்த அளவு. ஒரு நாளா, ஒரு மாசமா, ரெண்டு வருஷமா? அந்த அளவும் ஆளோட திறமையும் பொருந்தலன்னா மனுஷன் புழுங்க ஆரம்பிச்சிருவான்னார். 22 வருஷ அனுபவத்த வச்சுக்கிட்டு நீங்க இருக்குறது தினம் அஞ்சு மணிங்கற அளவுல. அவரோட கிரைசிஸ் கட்டுரைய விட உங்களுக்கு இந்த அளவுகோல்தான் அதிகமா உதவும்னு நான் நினைக்கிறேன்.

திட்டத்துக்கு போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுல சிரிப்பு இல்ல. பார்க்கிங்ல இறங்காம உக்காந்திருக்கேன்னு எழுதினீங்க. தூக்கம் எப்படி இருக்கு, பசி எப்படி, முன்னாடி பிடிச்ச விஷயங்கள் இப்பவும் பிடிக்குதா, எதுவும் பிடிக்காம மனசு சோர்ந்தே இருக்குறது ரெண்டு வாரத்துக்கு மேல நாள் முழுக்க நீடிக்குதா? அப்படின்னா அது மனச்சோர்வு நோயா இருக்கலாம், டாக்டர பாத்தே ஆகணும். தைராய்டு குறைஞ்சாலும், ராத்திரி குறட்டைல மூச்சு விட்டு விட்டு வந்தாலும், பி12 குறைஞ்சாலும் இதே மாதிரி மந்தமா இருக்கும், ஒரு ரத்த பரிசோதனைலயோ தூக்க பரிசோதனைலயோ பிடிச்சிரலாம்ங்கறத நாம வாழ்க்கையோட அர்த்தம்னு நினைச்சு தேடிட்டு இருக்க வேண்டாம். நான் இல்லாம போனா நல்லதுங்கற மாதிரி ஒரு நினைப்பு ஒரு தடவ வந்திருந்தா கூட, மேல படிக்காம இன்னைக்கே வீட்ல சொல்லிட்டு டாக்டர்கிட்ட போங்க. லைட்ஹவுஸ் போட்டோ பாத்து சிரிக்கிறீங்கங்கறது எனக்கு நல்ல அறிகுறியா படுது, ஆனா நேர்ல பாக்காம நான் அத உறுதியா சொல்ல முடியாது.

இப்ப மெயில். அனுப்பாதீங்க. கவிதைய தனியா எடுத்து வச்சுக்கங்க, மீதி டிராஃப்ட்ல கிடக்கட்டும், ஆனா அனுப்ப வேண்டிய ஆள் பேர் போடுற கட்டத்த இன்னைக்கே காலி பண்ணுங்க, பத்தாவது வெர்ஷன் எழுதும்போது கை தவறினா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

வேலைய விடவே கூடாதுன்னு நான் சொல்லல. விட்டவங்கள பத்தி பேசும்போது எல்லாரும் பால் கோகேன் கதைய எடுப்பாங்க, பங்குச்சந்தை வேலைய விட்டுட்டு ஓவியரா ஆனவர், தஹிதி தீவுக்கு போனவர். 1882ல பாரிஸ் பங்குச்சந்தை விழுந்து அந்த தொழிலே படுத்துருச்சுங்கறதையும், மனைவியும் அஞ்சு பிள்ளைங்களும் அவர் இல்லாம கஷ்டப்பட்டதையும் யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு பிடிச்சவர் அதே காலத்து ஆன்ரி ரூசோ. பாரிஸ் ஊருக்குள்ள வர்ற சரக்குக்கு வரி வாங்குற குமாஸ்தா. நாப்பது வயசுக்கு பக்கமா பெயிண்டிங்ல சீரியஸா இறங்கினார், வேலைல இருந்துக்கிட்டே கண்காட்சிக்கு அனுப்பினார், எல்லாரும் சிரிச்சாங்க, 1893ல 49 வயசுல ஓய்வு வாங்கிட்டு முழுநேரமும் வரைஞ்சார். அவரோட காடு ஓவியங்கள்தான் உலகப்புகழ், புலி, குரங்கு, ஆள் உயர இலை எல்லாம் இருக்கும். மனுஷன் ஃபிரான்ஸ விட்டு வெளியவே போனதில்ல, பாரிஸ் தாவரவியல் தோட்டத்து கண்ணாடி வீட்டுக்குள்ள சுத்தி சுத்தி பாத்து வரைஞ்சது. போட்ல ஏறினா வாந்தி வர்ற ஆளுக்கு இவர்தான் சரியான குரு.

ஓவியருக்கு மட்டும் இல்ல, சொந்த தொழில் ஆரம்பிச்சவங்கள வச்சு 2014ல வந்த ஒரு ஆய்வுலயும், வேலைல இருந்துக்கிட்டே ஆரம்பிச்சு அப்புறம் மெதுவா மாறினவங்க தோத்துப் போற வாய்ப்பு, ஒரேயடியா விட்டுட்டு குதிச்சவங்கள விட 33 சதவீதம் குறைவா இருந்துச்சு. கம்பெனி மாறலாமேன்னு தோணினா, அதுலயும் முதல்ல தேனிலவு மாதிரி திருப்தி எகிறும், அப்புறம் பழைய இடத்துக்கே இறங்கும்னு மேனேஜர்கள வச்சு பண்ண ஆய்வு ஒண்ணு இருக்கு, புது இடத்துலயும் அஞ்சு மணி ரிப்போர்ட் இருந்தா உங்களுக்கு அதே கதிதான்.

அப்ப என்ன பண்றது? எனக்கு தோணினத சொல்றேன், உங்களுக்கு எது ஒத்து வருதோ எடுத்துக்கங்க.

அந்த ரிட்டயர் ஆனவருக்கு போன் பண்ணுங்க. இதுதான் முதல் வேலை, ரெயின்கோட்ட விட முக்கியம். நேர்ல போய் பாருங்க, சேர்ல பெட்டி வச்சத சொல்லணும்னு அவசியம் இல்ல, ஆனா 18 வருஷம் பக்கத்துல இருந்தவர் இல்லாதது உங்களுக்கு தெரியுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அவர் என்ன பண்ணிட்டு இருக்கார்னு கேளுங்க, வேலைய விட்டு வெளிய போன ஒருத்தரோட நிஜமான செவ்வாய்க்கிழமை மதியம் எப்படி இருக்குன்னு உங்களுக்கு தெரிஞ்சவங்கள்ல அவர்கிட்டதான் தகவல் இருக்கு.

அடுத்தது மேனேஜர். அவர் உங்கள விட 12 வயசு சின்னவர்ங்கறது உங்கள உறுத்துதுன்னு அந்த வரி எழுதின விதத்துலயே தெரியுது, அத கொஞ்சம் தள்ளி வைங்க. அவர்கிட்ட போய் போர் அடிக்குதுன்னு சொல்லாதீங்க, அதுக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. தினம் ரிப்போர்ட்டுக்கு பதிலா வாரம் ஒண்ணு போதுமான்னு கேளுங்க, அப்படியே முடிக்க ஆறு மாசமோ ஒரு வருஷமோ பிடிக்கிற ஒரு வேலைய, யாரும் தொடாம கிடக்குற பழைய கணக்கு சிக்கலோ, புது சாஃப்ட்வேருக்கு மாறுற வேலையோ, அத நான் முழுசா எடுத்துக்குறேன்னு சொல்லுங்க. பெரும்பாலும் சரின்னுதான் சொல்வார், திறக்காத மெயில் ஒண்ணு குறையுதுன்னு அவருக்கும் சந்தோஷம்தான். புதுசா சேந்த பசங்க ரெண்டு பேருக்கு கத்துக்குடுக்குற பொறுப்பையும் கேளுங்க. நடுவயசுல மனுஷனுக்கு அடுத்த தலைமுறைக்கு எதையாவது குடுக்கணும்ங்கற தேவை வரும், அது நடக்கலன்னா தேங்கி போயிருவான்னு எரிக் எரிக்சன்ங்கற மனோதத்துவ நிபுணர் 1950லயே எழுதி வச்சார். கத்துக்குடுத்தவர் லீவு போட்டா பசங்களுக்கு அன்னைக்கே தெரியும், பயந்து போய் போன் பண்ணுவாங்க. உங்களுக்கு அது ஒரு வகைல விளக்குதான்.

ஆபீஸுக்கு வெளியவும் ஒண்ணு வேணும், இதுல நீங்க ஹாபின்னு எதையும் தேடாதீங்க, உங்க வீட்ல ஏற்கனவே பைனாகுலரும் கயிறும் இருக்கு. நீங்க வரலன்னா யாராவது ஒருத்தருக்கு அன்னைக்கு வேலை நின்னு போகணும், அப்படி ஒரு இடமா பாருங்க. பார்வை இல்லாத மாணவருக்கு பாடம் படிச்சு காட்டுறது, பரீட்சைக்கு அவங்களுக்காக எழுதுறது, சின்ன அறக்கட்டளைங்களுக்கு கணக்கு பாத்து குடுக்குறது. கடைசில சொன்னத கேட்டு மூஞ்ச சுளிக்காதீங்க, அக்கவுண்ட்ஸ் மேல உங்களுக்கு கோபம் இருக்குற மாதிரி எனக்கு தெரியல, அத யாரும் திறந்து பாக்காத இடத்துல பண்றது மேலதான் கோபம்.

லைட்ஹவுஸும் போயிட்டு வாங்க. நிஜமாத்தான் சொல்றேன். பல நாடுகள்ல கீப்பர் குடியிருந்த வீட்ட இப்ப விருந்தினருக்கு வாடகைக்கு விடுறாங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல நியூ டஞ்சனெஸ்னு ஒரு லைட்ஹவுஸ்ல காசு கட்டி ஒரு வாரம் கீப்பராவே இருக்கலாம், புல்லு வெட்டணும், பித்தளை தேய்க்கணும், வர்றவங்களுக்கு சுத்தி காட்டணும், கட்டணம் கட்டிட்டு வேலையும் பாக்கணும், அதுக்கும் ஆளுங்க வரிசைல நிக்கிறாங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கிட்ட எது இருக்கோ அங்க போங்க. போட்டோ எடுக்க கூடாதுன்னு ஒரு கண்டிஷன் வச்சுக்கங்க. ஒரு நாள் முழுக்க, சாயங்காலம் வரைக்கும் அங்க இருந்து பாருங்க, எத்தன மணிக்கு உங்களுக்கு போர் அடிக்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் குறிச்சு வைங்க. அது நமக்கு ரொம்ப உபயோகமான தகவல்.

ஆறு மாசம் இத எல்லாம் பண்ணி பாத்தும் வேலைய விடணும்னே தோணினா விடுங்க, அப்ப குறைஞ்சது ஆறு மாச வீட்டுச் செலவு கைல தனியா இருக்கட்டும், லோன் எவ்வளவு மிச்சம்னு பேப்பர்ல எழுதி இருக்கட்டும், போற இடத்துல ஒரு வாரமாவது வேலை பாத்திருக்கணும். கவிதைய அப்ப சேத்துக்கலாம்.

தாடி உங்க இஷ்டம். தாடியால யாரும் கெட்டுப் போனதில்ல.

மனைவிகிட்ட மட்டும் தள்ளிப் போடாதீங்க. அவங்க பயந்ததுல நியாயம் இருக்கு, வேற ஒரு பொண்ணுன்னா சண்டை போடலாம், லைட்ஹவுஸ் கூட எப்படி சண்டை போடுறதுன்னு யாருக்கும் தெரியாது. போட்டோவ காட்டி புரிய வைக்க பாக்காதீங்க, போன கைல எடுக்காம உக்காந்து பார்க்கிங் விஷயத்தையும், பக்கத்து சீட்டுக்காரர் விஷயத்தையும் சொல்லுங்க, எனக்கு எழுதினத விட அவங்களுக்கு கொஞ்சம் நீளமா சொல்லுங்க. அவங்க அனேகமா கேக்கப்போற முதல் கேள்வி, அங்க நானும் வர்றேனா இல்லையாங்கறதா இருக்கும். அதுக்கு பதில இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க சார், ஏன்னா இவ்வளவு எழுதின லெட்டர்ல ரெயின்கோட்டுக்கு கூட இடம் இருக்கு, அவங்களுக்கு அந்த லைட்ஹவுஸ்ல ஒரு ரூம் கூட இல்ல.